என் கொழுந்தனும் அவன் வண்டி ஸ்டியரிங்கும்

எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத உட்கார்ந்தால் கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். நடந்ததில் பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவங்க மனசு பெரிசு பண்ணி, தப்பைத் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கணும். நாலு பேர் முன்னால நின்னு பேச எனக்கு வராது. அதனாலதான் இந்தக் கோணல் எழுத்து.

விஷயம் ஒரு காரோட ஸ்டியரிங். உப்பேரிக்கரைக் கிழவிக்கு ஸ்டியரிங்கைப் பத்தி இன்னா தெரியும்னு கேக்கலாம். என் கொழுந்தனும் அதைத்தான் கேட்டான்.

கொழுந்தன்னா என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்த தம்பி. முன்னே எல்லாம் அவரு இவருன்னுதான் சொல்லுவேன். இனிமே அவன்தான். முப்பது வருசம் படகுல சுக்கான் பிடிச்சவன். அப்புறம் நண்டு ஏஜென்ட் ஆனான். வெள்ளை வேட்டி வந்தது, கழுத்துல சங்கிலி வந்தது, கடைசியா ஒரு கார் வந்தது. சென்னையில யாரோ ஓட்டிட்டு வித்த வெளிநாட்டு வண்டி. கருநீலக் கலர். எங்க தெருவுல அது நுழைஞ்சா வலை காயப்போட்ட கழியெல்லாம் எடுக்கணும்.

அந்த வண்டிக்கு என் பையன்தான் டிரைவர். பையன்னாலும் முப்பத்தி நாலு வயசு. மீனவன் வீட்டுல பிறந்து படகு ஏற முடியாதவன் அவன். ஏறினா வாந்தி. சின்னதுல அவங்க நைனா ரெண்டு தரம் கூட்டிப் போய்ப் பார்த்தாரு, ரெண்டு தரமும் குடலே வெளியில வர்ற மாதிரி எடுத்தான். "தண்ணி ஆகாத மீனு"ன்னு ஊர்ல அவனுக்குப் பேரு. சுக்கானைக் கையால தொட்டதில்ல. ஆனா வண்டின்னா அவன் கை பூ மாதிரி. பத்து வருசம் மீஞ்சூர்ல வேன் ஓட்டினவன், ஒரு நாய் மேல ஏத்தினதில்ல. சித்தப்பா கூப்பிட்டாரேன்னு அந்த வேலையை விட்டுட்டு வந்தான்.

தை மாசம் மீஞ்சூர்ல ஒரு கல்யாணம். சித்தப்பனும் இவனும் மட்டும் போய்ட்டு மத்தியானம் திரும்பி வந்தாங்க. திருப்பாலைவனம் தாண்டினதும் என் கொழுந்தன், "எறங்கி அந்தப் பக்கம் குந்துடா, இந்த வண்டிய எப்டி ஓட்டணும்னு நான் காட்டறேன்"னு இவனை இறக்கி விட்டுட்டு ஸ்டியரிங்ல உக்காந்திருக்கான். அவன் ஓட்டுறது எல்லாம் நம்ம தெருவுக்குள்ள, ஆமை மாதிரி. அன்னைக்கு ரோடு காலியா கிடந்தது. பறந்திருக்கான். எங்க ஊர் நுழையற எடத்துல இடது பக்கமா ஒரு வளைவு. நேரா போனா காலி உப்புத்தரை. வலது பக்கம் தள்ளி ஒரு வலைக்கொட்டா. அதுல உக்காந்து வலை பின்னுற பெரியவர் எனக்கு அண்ணன் முறை. வண்டி வளைவுல திரும்பாம, கொட்டாவுக்குள்ள பூந்து அண்ணனோட தொடையெலும்பை ஒடைச்சுப் போட்டது.

தூசி அடங்கறதுக்குள்ள ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க. யார் ஓட்டினதுன்னு யாரும் பார்க்கல. என் கொழுந்தன் இவன் காதுல சொன்னானாம். "எனக்கு லைசென்ஸ் காலாவதியாயி கெடக்குடா. நீ ஓட்டினதா சொல்லு. உன்னைக் காப்பாத்தறது என் பொறுப்பு. உங்க நைனா மேல ஆணை." செத்துப்போன என் வீட்டுக்காரர் மேல ஆணை வெச்சான். இவன் நம்பி ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டான்.

காப்பாத்தவா செஞ்சான்? டீக்கடையில உக்காந்து, "தண்ணியும் தெரியாது, தரையும் தெரியாது, அவன்கிட்ட வண்டி குடுத்தது என் தப்பு"ன்னான். கேஸ் ஆச்சு. லைசென்ஸை முடக்கினாங்க. மீஞ்சூர்ல பழைய எடத்துல கேட்டதுக்கு, ஆளை இடிச்சவனுக்குச் சாவி தரமாட்டோம்னுட்டாங்க. என் பையன் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பார்த்தான். நிஜத்தைச் சொல்லலாம்னா கையெழுத்து நிக்குது. யார் நம்புவா?

ஒரு நாள் காலையில மனசைக் கல்லாக்கிக்கிட்டு என் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நின்னேன்.

"தம்பி, நீ ஓட்டினேன்னு ஒரு வார்த்தை ஸ்டேஷன்ல சொல்லிடுப்பா. அவன் பொழப்பு போவுது."

அவன் நண்டுக் கூடைய எடை போட்டுக்கினே சிரிச்சான். "அண்ணி, அது கம்ப்யூட்டர் ஸ்டியரிங். ரேஸ் ஓட்டறவனுக்குன்னே செஞ்சது. வேகத்துக்கு ஏத்த மாதிரி அதுவே கணக்கு மாத்திக்கும். அத ஓட்டத் தெரியாம உன் புள்ள இடிச்சான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற உனக்கு ஸ்டியரிங்கப் பத்தி இன்னா தெரியும்? போ, போய் இறால் தடவு."

இறால் தடவுன்னு சொன்னது என்னைத்தான். வீட்டுக்காரர் போனப்புறம் இடுப்பளவு தண்ணியில பறிக்கூடையை வாயில கடிச்சுக்கினு கையால இறால் தடவித்தான் நான் பிள்ளையை வளர்த்தேன். அவன் பெண்டாட்டி உள்ளே சிரிச்சா. வர்ற வழியெல்லாம் பல்லைக் கடிச்சதுல தாடை வலிச்சது. அன்னைக்கு ஒண்ணு முடிவு பண்ணினேன். இவன் வாயால சொல்லணும். ஊர் முன்னால சொல்லணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு சோறில்ல.

அன்னைக்கே என் பையன்கிட்ட அந்த ஸ்டியரிங்க பத்தி எனக்குச் சொல்லுடான்னு கேட்டேன்.

"இப்ப எதுக்குமா?"

"எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

அவன் சாப்பிடற தட்டைக் கையில பிடிச்சுக்கினு திருப்பித் திருப்பிக் காட்டினான். "சாதா வண்டியில வீலை ஒரு சாண் திருப்பினா டயர் எப்பவும் ஒரே அளவுதான் திரும்பும். இதுல அப்டி இல்லமா. மெதுவா போனா கொஞ்சம் திருப்பினாலே நெறைய திரும்பும். நம்ம சந்துல வளைக்கறதுக்கு சொகமா இருக்கும். வேகமா போனா அதையே கம்ப்யூட்டர் கொறச்சிடும். பதட்டத்துல வீலை இழுத்தாலும் வண்டி கவுறக் கூடாது இல்ல, அதுக்கு."

"அப்போ நல்லதுதானே?"

"நேர் ரோட்டுல நல்லதுதான். சந்துலயும் நல்லதுதான். வேகமா வளைச்சு வளைச்சு குஷாலா ஓட்டறவனுக்கு ஆகாதுமா. கைக்கு கணக்கு பிடிபடாது. போன வளைவுல எவ்ளோ திருப்பினோம்னு கை ஞாபகம் வெச்சிருக்கும். ஸ்பீடு மாறினா இந்த வளைவுல அது பொய். பழகிப் பழகித்தான் வரும். எனக்கே ஆறு மாசம் ஆச்சு. அதுல ஸ்போர்ட்னு ஒரு பித்தான் வேற கீது, அத அமுக்கினா கணக்கு இன்னொரு தரம் மாறும். சித்தப்பா அன்னைக்கு அதையும் அமுக்கினாரு."

இதை நான் மனசுல வெச்சுக்கினேன். அப்போ முழுசா புரியல.

ஒடைஞ்ச காலோட படுத்திருந்த அண்ணனுக்குத் தினமும் நான் குழம்பு கொண்டு போவேன். என் பிள்ளை இடிச்சதாத்தானே ஊர் நினைக்குது, அந்தக் கடன். மொதல்ல அண்ணன் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. மாசி பாதியில ஒரு நாள், மடவை மீன் குழம்பு, வாசனையில மனசு இளகிப் பேசினாரு.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல தங்கச்சி. வண்டி வந்தத நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். கண்ணாடியில வெயில் அடிச்சதுல உள்ளே ஆள் தெரியல. மொதல்ல ரோட்டோட இடது பக்கம் கொஞ்சம் திரும்புச்சு. பத்தல. நேரா உப்புத்தரைக்குத்தான் போவுதுன்னு நெனைச்சேன். திடீர்னு எவனோ காதைப் பிடிச்சுத் திருப்பின மாதிரி வலது பக்கம் என்னைப் பார்த்து ஒடிச்சுக்கினு வந்துச்சு. இடது பக்கம் போவ வேண்டியவன் எதுக்கு வலது பக்கம் திருப்புவான்? பைத்தியமா?"

எனக்குப் புரிஞ்சு போச்சு.

படகு தெரியாதவங்களுக்கு இதைச் சொல்லணும். என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை இறங்கிப் போனப்புறம் பதினோரு வருசம் நான்தான் பின்னால உக்காந்து சுக்கான் பிடிச்சேன். பொம்பள பிடிச்சா ஏரி கோவிச்சுக்கும்னாங்க, மூஞ்சியை முந்தானையால மூடிக்கினு பிடிச்சேன். படகு இடது பக்கம் போகணும்னா சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளணும். எஞ்சின் வந்தப்புறமும் அதே முறைதான். பழகினவங்களுக்கு இது கையில ஊறிப்போன விஷயம், யோசனை இல்லாம வரும். இன்னொண்ணு. மெதுவா போற படகு, பிடியை நெறைய தள்ளினாத்தான் திரும்பும், வேகமா போற படகு விரல் அசைச்சாலே திரும்பும். அந்தக் காரு இதுக்கு அப்படியே தலைகீழ். ஆனா சுக்கான் தண்ணியோட பாரத்தைக் கைக்குச் சொல்லும், பிடியிலயே பேசும். அந்தக் கம்ப்யூட்டர் நடுவுல உக்காந்துக்கினு கைக்கு ஒண்ணும் சொல்லாது.

அப்போ நடந்தது இது. வேகத்துல வந்தான். படகுக்காரன் கை, வேகத்துக்குக் கொஞ்சம் போதும்னு கொஞ்சமாத் திருப்பிச்சு. ஸ்டியரிங் அதையும் கொறச்சுது. வண்டி திரும்பல. பதறினான். பதறினவனுக்கு புத்தி ஓடாது, கைதான் ஓடும். இடது பக்கம் போக, முப்பது வருசம் தள்ளின மாதிரி வலது பக்கம் தள்ளினான். சுக்கானையே தொடாத என் பிள்ளை கைக்கு அந்தத் தப்பு பண்ணவே தெரியாது. அதைப் பண்ண சுக்கான் பிடிச்ச கை வேணும்.

இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? ஸ்டேஷன்ல சொன்னா சிரிப்பாங்க. சொல்லிப் பிரயோஜனமில்ல, காட்டணும்னு பொறுத்தேன். வண்டி ரிப்பேர் ஆகி வர்ற வரைக்கும் பொறுத்தேன். ஏரி வத்தற வரைக்கும் பொறுத்தேன்.

சித்திரையில வண்டி பளபளன்னு வந்தது. மீன் ஏலம் போடற ஏலக்கொட்டாவுல எல்லாரும் இருந்த காலை நேரம். என் கொழுந்தன் சாவியை விரல்ல சுத்திக்கினு பழைய பாட்டையே பாடினான். "ரேஸ் ஸ்டியரிங்குப்பா. தெரிஞ்சவன் கையில குடுத்தா பாம்பு மாதிரி வளையும்."

கூடைகளுக்குப் பின்னால உக்காந்திருந்த நான் எழுந்து நின்னேன். சொல்லிட்டேன். "அப்போ ஓட்டிக் காட்டு தம்பி. ஏரி வத்திக் கெடக்குது. கழி நட்டு வெக்கிறேன். நீயும் ஓட்டு, உன் அண்ணன் புள்ளையும் ஓட்டட்டும். ரேஸுக்கு ஆவற ஸ்டியரிங்கா இல்லையான்னு ஊர் பார்க்கட்டும்."

என் குரலை அங்க யாரும் கேட்டதே இல்ல.

"அட, ஊமை பேசுது!" ஒருத்தன் கத்தினான். ஒரே சிரிப்பு. நண்டு வாங்க வந்த பொம்பள ஒருத்தி, "இன்னாபா பயமா? அண்ணி கேக்கறாங்க இல்ல?"ன்னு ஏத்தி விட்டா. என் கொழுந்தன் மீசையைத் தடவினான். "ஞாயித்துக்கிழமை சாயந்திரம். அண்ணி, கழி ஒசந்ததா நடு. வண்டி ஒசரம்."

"ஒசந்ததாவே நடறேன்"னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில நானே போய் நட்டேன். யாரையும் தொட விடல. மூணு வலைக்கழி. வத்தின ஏரி மேலே பார்த்தா எல்லா எடமும் ஒண்ணுதான், வெள்ளையா உப்பு பூத்து, வெடிச்சு, கல்லு மாதிரி. ஆனா எந்த எடத்துல பொருக்குக்கு அடியில கருஞ்சேறு இடுப்பளவு கெடக்குதுன்னு, அங்கேயே வருசக் கணக்கா இறால் தடவின காலுக்குத் தெரியும். மொதல் ரெண்டு கழியைக் கெட்டித் தரையில நட்டேன். மூணாவதுல வண்டி இடது பக்கம் வளைக்கணும். வளைக்காம நேரா போனாலும் கெட்டித் தரைதான், ஒண்ணும் ஆகாது. அகலமா வளைச்சாலும் ஒண்ணும் ஆகாது. வலது பக்கம் திருப்பினா மட்டும் சேறு.

இதை மறைக்க மாட்டேன். வேணும்னுதான் நட்டேன். அந்தத் தப்பு பண்ணாதவன் அதுல விழமாட்டான். குத்தவாளிக்கு மட்டும் வாய் திறக்கிற குழி அது.

சாயந்திரம் ஊரே வந்தது. கால் ஒடைஞ்ச அண்ணனையும் நாற்காலியில வெச்சுத் தூக்கிக்கினு வந்தாங்க. அதுவும் என் ஏற்பாடுதான். மொதல்ல என் பையன் ஓட்டினான். மூணு கழியையும் அலுங்காம வளைச்சு வந்து நிறுத்தினான். பார்க்கிறவங்களுக்கு ருசிக்கல. "எருமை ஓட்டற மாதிரி ஓட்டறான்"னு என் கொழுந்தனே சத்தமா சொன்னான்.

அப்புறம் அவன் ஏறினான். பித்தானை அமுக்கினான்னு என் பையன் முணுமுணுத்தான். வண்டி உறுமிச்சு, பின்னால வெள்ளையா உப்புத்தூசி. மொதல் கழியை மெதுவா எடுத்தான், வண்டி சும்மா குதிச்சுத் திரும்பிச்சு. கை தட்டினாங்க. ரெண்டாவது கழியிலயும் தப்பிச்சான், கொஞ்சம் அகலமா. தட்டினது கேட்டு மிதிச்சான். மூணாவது கழி. இடது பக்கம் கொஞ்சம் திரும்பிச்சு. பத்தல. படக்குனு வலது பக்கம் ஒடிச்சுத் திரும்பிச்சு வண்டி.

பொருக்கு வெடிச்ச சத்தம் தோணியில பலகை ஒடையற மாதிரி கேட்டது. முன் சக்கரம் ரெண்டும் உள்ளே. மூக்கு உள்ளே. கருஞ்சேறும் உப்புத்தண்ணியும் கண்ணாடி வரைக்கும் ஏறிச்சு. அடி ஒண்ணும் இல்ல அவனுக்கு. கதவைத் தள்ளிக்கினு இறங்கினான், வெள்ளை வேட்டியோட முட்டிக்கு மேல சேறு.

"டேய்!" நாற்காலியில இருந்து அண்ணன் கத்தினாரு. "இதே மாதிரிதாண்டா என் மேல வந்துச்சு! இதே திருப்பு! அன்னைக்கு ஓட்டினவன் இவன்டா!"

நான் முன்னால போனேன். "தம்பி, இடது பக்கம் போறதுக்கு வலது பக்கம் ஏன் திருப்பின?"

அவன் தன் கையைப் பார்த்தான். "தெரியல அண்ணி. கை தானா போச்சு."

"சுக்கான் பிடிச்ச கை அப்படித்தான் போவும். என் புள்ள என்னைக்கு சுக்கான் பிடிச்சான்?"

படகுக்காரங்க ஊரு. வேற வெளக்கம் வேண்டியிருக்கல. அத்தனை ஆம்பளைங்களும் அவங்கவங்க வலது கையைப் பார்த்துக்கினாங்க. டிராக்டர் வெச்சிருக்கிறவனை இழுக்கச் சொல்லி என் கொழுந்தன் கூப்பிட்டான். டிராக்டர்காரன் வெத்தலையைத் துப்பிட்டு, "மொதல்ல வாயில கீற நெசத்த வெளிய இழு, அப்பால வண்டிய இழுக்கலாம்"னான்.

அப்பவும் என் கொழுந்தன் ஒத்துக்கல. ஊர்ப் பெரியவங்க கூடி அவன் குடும்பத்து வலைப்பாட்டை நிறுத்தினாங்க. ஏரியில எந்த நாள் எந்த எடத்துல யார் வலை போடணும்னு எங்களுக்கு முறை உண்டு, அதுக்குப் பாடுன்னு பேரு. ஸ்டேஷன்ல நிஜத்தை எழுதிக் குடுக்கிற வரைக்கும் அவன் குடும்பத்துக்குப் பாடு கெடையாது. ஒன்பது நாள் தாங்கினான். பத்தாவது நாள் போய் எழுதிக் குடுத்துட்டு என் வாசலுக்கு வந்தான். நான் வாசல்லயே நிக்க வெச்சேன்.

"போதுமா அண்ணி?"

"போதாது. வலைக்கொட்டாவுக்குப் போய் அண்ணன் முன்னால உக்காந்து, உன் காலை ஒடைச்சது நான்னு சொல்லு. அப்புறம் ஏலக்கொட்டாவுல, எந்த வாயால என் புள்ளையச் சொன்னியோ அதே வாயால சொல்லு. நான் கூடைக்குப் பின்னால உக்காந்திருப்பேன். எனக்குக் கேக்கணும்."

ரெண்டையும் சொன்னான். ரெண்டாவது தரம் குரல் வரல. இன்னும் சத்தமான்னு நான்தான் சொன்னேன். பாவம்னு சில பேர் சொன்னாங்க. எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரல, இன்னைக்கும் வரல. எதிர்ல வந்தா அவன் தலை குனியறான், நான் குனியறதில்ல.

லைசென்ஸ் திரும்ப வர ஆடி முடிஞ்சது. என் பையன் இப்போ மீஞ்சூர்ல கம்பெனி வேன் ஓட்டறான், சாதா ஸ்டியரிங். அந்த நீல வண்டியை ரெண்டு நாள் கழிச்சு இழுத்தாங்க. உப்பு ஏறி அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, ஸ்டியரிங் ஒரு பக்கமா பூட்டிக்கிச்சு. காட்டூர் போற வழியில ஒரு மரத்தடியில தார்பாய் போட்டுக் கெடக்குது. என் பையன் வேலை முடிஞ்சு வர்றப்போ சில நாள் அங்க நிறுத்தித் தார்பாயைச் சரி பண்ணிட்டு வர்றான். "வண்டி இன்னாமா தப்பு பண்ணிச்சு?"ன்னு ஒரு நாள் கேட்டான். கொழுந்தனைப் பத்திக் கேட்டிருந்தா ஆயிரம் பதில் சொல்லுவேன். இதுக்கு, தார்பாயைக் கட்ட ஒரு பழைய வலைக்கயித்தை எடுத்துக் குடுத்தேன்.

அந்த ஸ்டியரிங் குஷாலா ஓட்டறவனுக்கு ஆகாதுன்னு நான் எழுதினது என் பையன் சொன்னதை வெச்சு. தட்டைச் சுத்திக் காட்டினதை நான் சரியாப் பிடிச்சேனான்னு தெரியல. வேகத்துல கணக்கு கொறையுமா கூடுமா, அந்தப் பித்தானை அமுக்கினா எந்தப் பக்கம் மாறும், எல்லா வண்டியிலயும் அப்படித்தானா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்ல. மாசமும் ஒண்ணு ரெண்டு முன்னே பின்னே இருக்கலாம். வண்டி வேலை தெரிஞ்சவங்க யாராவது ஒரு தரம் படிச்சுப் பார்த்து, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க.